நான் துடைத்தெறிந்த சுண்ணாம்பு

1

இன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைபேசி தானாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டியது. 'போன வருடம் இதே நாள்' என்று மேலே ஒரு வரி வேறு. யார் கேட்டார்கள்? கேட்காமல் உதவி செய்வதில் இந்தக் கைபேசியும் எங்கள் தென்னூர் தெருக்காரர்களும் ஒரே ரகம்.

படத்தில் இருப்பது என் அண்ணனின் வயிறு. தொப்பையைச் சொல்லவில்லை, உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். பின்னால் முதுகெலும்பு, பழைய தந்தத்தின் நிறத்தில். அதன் முன்னால் வயிற்றின் பெரிய ரத்தக் குழாய், பவழ நிறத்தில் வழவழவென்று. இடது மேல் மூலையிலிருந்து சாயங்கால வெயில் மாதிரி ஒரு வெளிச்சம் விழுகிறது. குழாயின் நிழல் எலும்பின் மேல் படர்ந்து, ஓரத்தில் மெல்லக் கரைகிறது. தூக்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

படத்தைச் செய்தவள் நான். பதினெட்டு வருடமாக ஸ்வீடனில் எனக்கு இதுதான் பிழைப்பு. இதைவிட நல்ல படங்கள் செய்திருக்கிறேன், மோசமாகவும் செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் படத்தைப் பார்க்கும்போது மட்டும் உடம்பெல்லாம் எரிகிறது. அது இன்னும் அழகாகவே இருக்கிறது, அதனால்தான்.

2

முதலில் என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருச்சியில் யாருக்கும் அது இதுவரை விளங்கியதில்லை. "வசந்தி லைட்டிங் வேலை பாக்குது" என்று அண்ணி யாரிடமோ சொல்லப்போக, லால்குடியிலிருந்து அவர்களுடைய சித்தப்பா எனக்குப் போன் போட்டுவிட்டார். மகள் கல்யாணத்துக்கு சீரியல் செட் ஸ்வீடனில் மலிவா என்று விசாரித்தார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஃபோகஸ் லைட்டாவது கிடைக்குமாம்மா?" என்றார்.

ஸ்கேன் எடுத்தால் வருவது படமே அல்ல, எண்கள். உடம்பைக் கடுகைவிடச் சிறிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அடர்த்தி என்று ஓர் எண் இருக்கும். எலும்புக்குப் பெரிய எண், காற்றுக்குச் சின்ன எண், சதைக்கு இரண்டுக்கும் நடுவில். இந்தக் குவியலைப் படமாக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். எந்த எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எது கண்ணாடி போல மறைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறோம். சதையை மறைக்காவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு, தெரிகிற பொருளின் மேல் வெளிச்சம் போடுகிறோம்.

பழைய முறையில் ஒவ்வொரு புள்ளியும் தன் சாய்வை மட்டும் பார்த்து, தான் எவ்வளவு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளும். பக்கத்தில் யார் நிற்கிறார், யார் வெளிச்சத்தை மறைக்கிறார் என்ற கவலை கிடையாது. அதனால் எல்லாமே பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுமினுக்கும், எது முன்னால் எது பின்னால் என்று கண் தடுமாறும். நாங்கள் செய்வது, ஒளியை அந்த எண்களுக்குள்ளேயே நடக்க விடுவது. போகிற வழியில் அது தடுக்கப்படும், சிதறும், கொஞ்சம் உறிஞ்சப்படும். நிழல் விழும், இடுக்குகள் இருட்டும். வெயிலுக்கு எதிரே நிற்பவரின் காது மடல் சிவப்பது போல மெல்லிய இடங்களில் வெளிச்சம் ஊடுருவி வரும். பார்ப்பவர் மூளை உடனே 'இது நிஜப் பொருள்' என்று ஒப்புக்கொண்டுவிடும்.

தென்னூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். நடுப்பகலில் அது அட்டையில் வெட்டி ஒட்டிவைத்தது போல இருக்கும். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் அதே பாறையில் மடிப்பும் பள்ளமும் வந்துவிடும். அதைத்தான் நான் இங்கே கம்ப்யூட்டரில் செய்கிறேன். இதைச் சொன்னால் என் மகள் காவ்யா, "அம்மா, எல்லாத்தையும் திருச்சியோட முடிக்காதே" என்கிறாள், அதையும் பாதி ஸ்வீடிஷில். அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில்தான் பதில் வரும். வற்புறுத்தினால் தமிழ் வரும், ஆனால் 'நீ'யும் 'வாங்க'வும் ஒரே வாக்கியத்தில் கைகோத்துக்கொண்டு வரும்.

3

அண்ணன் சுந்தரம் வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர். தென்னூரில் சின்ன ஆபீஸ், வேலை முக்கால்வாசி ஸ்ரீரங்கத்தில். ஆபீஸ் சுவர் முழுக்க, கட்டப்போகும் வீடுகளின் முகப்பைக் காட்டும் 3டி எலிவேஷன் படங்கள் தொங்கும். திருச்சியில் வீடு கட்டியவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீல வானம், வாசலில் வெளிநாட்டுக் கார், பச்சைப் புல்தரை, மாடி பால்கனியில் இளம் வெயில். அம்மா மண்டபம் பக்கத்தில் இருபதடி அகல மனையில் எங்கே புல்தரை போடுவது? பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனாலும் வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

அண்ணனுக்கு அந்தப் படங்கள் மேல் மரியாதையே கிடையாது. "அது ஆசை காட்டுறதுக்கு பாப்பா. கட்டடம் பாக்கணும்னா சைட்டுக்கு வரணும்" என்பார். கட்டி முடித்த வீட்டை வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டால் நேரே போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் அசைந்துகொடுக்க மாட்டார்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகக் கல். வெயிலில் நின்று வேலை வாங்குகிறவர், தண்ணீர் குடிப்பதில்லை, சிகரெட் மட்டும் குறையாது. கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, கல் போகட்டும், வயிற்றின் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஊசியில் மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வீக்கம் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும், வெடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமிருக்காது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் சொன்ன பதில்: "தை மாசம் ஸ்ரீரங்கத்துல ஒரு கிரகப்பிரவேசம் இருக்கு. அத முடிச்சுட்டு வரேன் சார்."

வலி இல்லாத நோயை அவர் நோயாகவே ஒப்புக்கொள்ளவில்லை. வேறொரு காரணமும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் அப்பா குடலிறக்க ஆபரேஷனுக்கு நடந்து போனவர், திரும்பி நடந்து வரவில்லை. அப்போது அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதின்மூன்று. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது அண்ணன்தான்.

எனக்கு இங்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஸ்கேனை அனுப்புங்கள் என்றால், அண்ணி ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் அண்ணனின் குடலைவிட ட்யூப்லைட்டின் பிராண்டுதான் தெளிவாகத் தெரிந்தது. சிடி வேண்டும் என்றேன். ஸ்கேன் சென்டரில், நோயாளியே நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் சிடி என்றார்கள். நோயாளி கான்கிரீட் போடுகிற இடத்தை விட்டு நகர மாட்டேன் என்றார். ஒருவழியாக சிடி கிடைத்ததும் அதைப் போட வீட்டில் ஒரு கருவியும் இல்லை. சாஸ்திரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து, அரை நாள் உட்கார்ந்து எனக்கு ஏற்றி அனுப்பினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

4

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அண்ணனின் ஸ்கேனை அதில் ஓட்டலாமா என்று முறைப்படி கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். ஒரு படிவம் வந்தது. உடலுக்கு உரியவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு? தங்கை. அதற்கு ஆதாரம்? இங்கே வந்த புதிதில் எனக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று அலுவலகத்தில் திகைத்து, அப்பா பெயரான மாணிக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆபீஸில் பாதிப் பேர் என்னை 'மாணிக்கம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிடியிலோ 'சுந்தரம் எம்' என்று இருக்கிறது. குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே, ஒரே குடும்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று ஓர் அம்மாள் மிகவும் பணிவாகக் கேட்டார். அந்த 'எம்' என்பதுதான் மாணிக்கம் என்று விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, அனுமதி தரும் குழுவின் அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து என்றார்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் என் சொந்த மடிக்கணினியில் உட்கார்ந்தேன்.

எலும்பும், மருந்து கலந்த ரத்தமும் மட்டும் தெரியும்படி எண்களைத் தேர்ந்தெடுத்தேன். சதை எல்லாம் மறைந்தது. வெளிச்சத்தை இடது பக்கம் வைத்தேன், நிழலை மென்மையாக்கினேன். குழாய் நடுவில் கொஞ்சம் பருத்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது யோசித்தால், ஆறு சென்டிமீட்டர் எங்கே என்று நான் அளந்து பார்த்திருக்க வேண்டும். அளக்கவில்லை. அளக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

கடைசி வேலை துடைப்பது. காட்சிக்குப் போகிற படத்தில், எதோடும் ஒட்டாமல் தனியாக மிதக்கும் துணுக்குகளைக் கம்ப்யூட்டரிடம் சொல்லி நீக்கிவிடுவோம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், பெரும்பாலும் அது ஸ்கேனில் வரும் வெறும் பிசிறு. அண்ணனின் படத்திலும் குழாயைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைச் சில்லுகள் மிதந்தன. சும்மா மிதந்தாலாவது பரவாயில்லை. நிழல் விழுகிற வெளிச்சம் அல்லவா நான் போட்டிருப்பது? ஒவ்வொரு சில்லும் அந்தப் பவழக் குழாயின் மேல் ஒரு கறுப்புத் திட்டை விழ வைத்தது. ஈ மொய்த்த மாதிரி அசிங்கமாக இருந்தது. ஒரே சொடுக்கு, எல்லாம் போயிற்று.

காவ்யா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று ஸ்வீடிஷில் சொன்னாள். வேலையைப் பற்றி அவள் என்னிடம் நல்லபடி ஒரு வார்த்தை சொல்லி வருடக்கணக்காகிறது. நான் பூரித்துப் போனேன். படத்தை அண்ணனுக்கு அனுப்பி, கூடவே வாய்ஸ் மெசேஜும் போட்டேன். "அண்ணே, பயப்படாதீங்க. ரொம்ப மோசமா ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கு."

அந்தக் குரலை இன்றைக்கும் என் கைபேசியில் வைத்திருக்கிறேன். அழிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் படம் குடும்பக் குழுவில் வந்துவிட்டது. கும்பிடும் கைகள், பூங்கொத்து, 'பெருமாள் கிருபை' என்று ஒரு டஜன். அண்ணன் அதை இரண்டு பிரிண்ட் போட்டு, பெரியதை லாமினேட் செய்து, ஆபீஸ் சுவரில் எலிவேஷன் படங்களுக்கு நடுவில் மாட்டிவிட்டார். நான் அடைந்த பெருமையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

5

மூன்று வாரம் கழித்து, ஆபீஸில் இருக்கும்போது ஒரு திருச்சி நம்பரிலிருந்து அழைப்பு.

"மேடம், நான் உங்க அண்ணனோட சர்ஜன் பேசுறேன். நம்பர் உங்க அண்ணி குடுத்தாங்க. நீங்க டாக்டரா?"

"இல்ல சார். நான் படம்..."

"தெரியும். உங்க படம் என் டேபிள் மேலதான் இருக்கு. உங்க அண்ணி கெஞ்சிக் கேட்டு வாங்கின தேதி, நேத்து அட்மிஷன் ஆக வேண்டியவர் வரல. இன்னிக்கு வந்து இத என் முன்னால வெச்சுட்டு, 'ஸ்வீடன்லயே பாத்துட்டாங்க சார், நல்லா இருக்காம்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

போனோடு எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன்.

"படம் ரொம்ப அழகா இருக்கு மேடம். நான் பாத்ததிலேயே அழகான படம்" என்றார். பாராட்டு இல்லை அது. "ஆனா நீங்க காட்டியிருக்கிறது குழாய்க்குள்ள ஓடுற ரத்தம். குழாயோட சுவரு எங்க?"

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

குழாய் வீங்கும்போது ஓரங்களில் ரத்தம் தேங்கிக் கட்டிப்போகும். கட்டிப்போன ரத்தத்தில் மருந்து ஏறாது. அதன் எண்ணும் சதையின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. நான் சதையை மறைத்தபோது அதுவும் சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. நடுவில் ஓடுகிற ரத்தம் மட்டும் ஒல்லியாக, ஒழுங்காக நின்றது. அதன் மேல்தான் நான் சாயங்கால வெயிலைப் பாய்ச்சியிருக்கிறேன். இது என் துறையில் முதல் வருட மாணவருக்குச் சொல்லித் தருகிற எச்சரிக்கை. நானே சொல்லித் தந்திருக்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அவரக் கூட்டிட்டு வாங்க. நாள் கடத்துற விஷயம் இல்ல இது."

அன்றைக்கே வீட்டுக்கு ஓடிவந்து, கட்டிப்போன ரத்தமும் தெரியும்படி புதிதாகப் படம் செய்தேன். மங்கலான பழுப்பு நிறத்தில், குழாயைச் சுற்றிக் கொழுக்கட்டை மாவு அப்பியது போல. அண்ணனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"டாக்டர் பேசினாரா?" என்றார் எடுத்தவுடனே.

"பேசினார். அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். முதல் படத்துல..."

"அவர் சொன்னதும் மாத்திட்டியா? பாப்பா, நானும் இருபது வருஷமா எலிவேஷன் காட்டுறவன்தான். கஸ்டமர் இன்னொரு மாடி வேணும்னா படத்துல ஒரு நிமிஷத்துல ஏத்திடுவேன். இது அது மாதிரிதானே?"

"இல்லண்ணே! இதுதான் நிஜம்."

"அப்ப அது?"

"அதுவும் நிஜம்தான், ஆனா..."

"ரெண்டும் நிஜம்னா எனக்கு முதல் படமே போதும். வேல இருக்கு, வெச்சிடுறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க எந்தப் படத்தையும் நம்பாத மனிதர், நம்பக்கூடாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நம்ப வேண்டியதைத் தள்ளுகிறார். யாரைக் குறை சொல்வது? பதினெட்டு வருடமாக, பார்த்தவுடன் நம்ப வேண்டும் என்றுதானே நான் வெளிச்சம் போடுகிறேன்!

கொஞ்ச நேரத்தில் அண்ணி கூப்பிட்டார். கோமதி அண்ணி எதற்கும் சட்டென்று குரலை உயர்த்துகிறவர் இல்லை. "வசந்தி, நான் உன்னைத் திட்டல. ஆனா நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவர் தூங்குறார். ராத்திரி பூரா இவர் வயித்து மேல கைய வெச்சுக்கிட்டு நான் முழிச்சிருக்கேன். நீ சொன்னத நீயேதான் வாபஸ் வாங்கணும்."

6

மறுநாள் சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம். அண்ணன் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து அண்ணி வீடியோ காலில் கூப்பிட்டார். அண்ணன் தட்டை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். காவ்யா என் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தத் தடவை நான் எதையும் அலங்கரிக்கவில்லை. பழைய படத்தையே எடுத்தேன், துடைப்பதற்கு முன்பு இருந்தபடி. அதே பவழக் குழாய், அதே வெளிச்சம், மிதக்கும் வெள்ளைச் சில்லுகள், அவற்றின் கறுப்பு நிழல்கள்.

"அண்ணே, இது உங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கிற அதே படம். புதுசா ஒண்ணும் சேக்கல."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "அதுல இந்த வெள்ள வெள்ளயா இருந்தது இல்லையே?"

"நான்தான் துடைச்சிட்டேன்."

"என்ன அது?"

"சுண்ணாம்புச் சத்து. வயசாக ஆக ரத்தக் குழாய்ல படியும்."

"படியும்னா, எங்க?"

"குழாயோட சுவத்துல."

அண்ணன் சோறு பிசைவதை நிறுத்தினார். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். கட்டடத்தில் எங்கேயோ ஒரு கோடு பிசகிவிட்டது என்று தெரிந்தால் அவர் முகம் மாறும் விதம் எனக்குத் தெரியும்.

"சுண்ணாம்பு அந்தரத்துல நிக்காதே" என்றார் மெதுவாக. "இந்த நிழல் விழுறதப் பாத்தா, இது குழாய விட்டு நல்லா தள்ளி நிக்குது. ஒரு விரக்கட்டை இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப சுவரு அங்க இருக்கு." எச்சில் விரலாலேயே திரையில் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சில்லு சில்லாகத் தொட்டுக்கொண்டு போன அந்த வட்டம், குழாயைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. நான் மணிக்கணக்கில் நிறம் தேடி அப்பிக் காட்டிய வீக்கத்தை, அவர் பத்து நொடியில் விரலால் போட்டுவிட்டார். "நடுவுல இருக்கிறது?"

"கட்டிப்போன ரத்தம். அது படத்துல தெரியாது. நேத்து அனுப்பினேனே, அதுல இருக்கு."

"இத ஏன் தொடச்ச?"

பொய் சொல்ல எத்தனை வழிகள் இருந்தன! தொழில்நுட்பம், பிசிறு, வழக்கம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "அழகா இல்லண்ணே. அதனால தொடச்சிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அண்ணி பின்னால் வந்து நின்று அந்தக் கோலமாகிப்போன திரையைத் துடைத்தார். இனி அண்ணன் கத்துவார், அல்லது தை மாதம் என்று ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன்.

அப்போது காவ்யா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் கோணல் தமிழில் கேட்டாள்: "மாமா, நீ பயப்படுறீங்களா?"

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. இரண்டு மாதமாக சென்டிமீட்டர், சிடி, அட்மிஷன் என்று எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டோம், இதை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் சின்ன வயதிலிருந்தே இப்படி முகத்துக்கு நேரே கேட்கப் பழக்குகிறார்கள். அதற்காக எத்தனை தடவை அவளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கும் "சும்மா இரு" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றார் அண்ணன். "மாமாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு. உங்க தாத்தாவுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

காவ்யாவுக்குத் தாத்தா கதை தெரியாது. நான் சொன்னதில்லை. ஆனால் அவள் புரிந்தது போலத் தலையசைத்து, "அப்ப இது உங்க கையெழுத்து நீங்களே போடு" என்றாள்.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்தபடியே மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணியிடம் திரும்பி, "அந்த டாக்டர் நம்பர எடு. ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கிரகப்பிரவேசம் சித்திரையில வெச்சுக்கட்டும்" என்றார்.

7

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். நான் விமானத்தில் இருந்தேன். போய் இறங்கியபோது அவர் கண் விழித்திருந்தார். சர்ஜன் என்னைப் பார்த்து, குழாய்ச் சுவர் ஓரிடத்தில் காகிதம் மாதிரி ஆகிவிட்டிருந்தது, தை வரைக்கும் தாங்கியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதுவே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

திரும்பி வந்தபின் என் வேலையில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். துடைக்கும் பொத்தானை அழுத்தினால், எதையெல்லாம் துடைக்கப் போகிறோம் என்று முதலில் பட்டியல் காட்டும்படி மென்பொருளை மாற்றச் சொன்னேன். சக ஊழியர்களுக்கு எரிச்சல், ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்கிறது என்று. கூட்டத்தில் அது அவசியம்தானா என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருடம் கழித்தும், நான் தலையாட்டுவது ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. வாயால் சொன்னேன், அவசியம் என்று.

ஆனால் அந்தப் படம் மட்டும் போகவில்லை. அண்ணன் ஆபீஸ் சுவரில் இன்னும் அதே இடத்தில் தொங்குகிறது, எலிவேஷன்களுக்கு நடுவில். எடுத்துவிடுங்கள் என்று வருடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், பதிலுக்கு வேறு படம் அனுப்புகிறேன் என்றேன். இன்று காலை கைபேசி அதைக் காட்டிய எரிச்சலில், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணே, இன்னுமா அத மாட்டி வெச்சிருக்கீங்க? எனக்கு எவ்வளவு கேவலமா இருக்கும்னு யோசிச்சீங்களா?"

"அது இருக்கட்டும் பாப்பா, தொழிலுக்கு உதவுது" என்றார். "ஸ்ரீரங்கத்துலேருந்து புதுசா ஒரு ரிட்டையர்டு சார் வந்தார். எலிவேஷன்லயே கண்ணா இருந்தார், அதே மாதிரி வேணும், அதே வெளிச்சம் வேணும்னு. கூட்டிட்டுப் போயி உன் படத்தக் காட்டினேன். 'சார், இது என் வயிறு. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. இதுக்குப் பின்னாலதான் என் சாவு நின்னுச்சு. வாங்க, முதல்ல சைட்டப் பாப்போம்'னேன். பேசாம எந்திரிச்சு வந்துட்டார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "யாரு பண்ண படம்னு கேட்டாரா?"

"கேக்காம இருப்பாங்களா? எல்லாரும் கேப்பாங்க."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? என் தங்கச்சி பண்ணதுன்னு சொன்னேன்" என்றார் அண்ணன், பெருமையாக.